வாங்கின இடியப்பம், வறுத்த தூள்

கடந்த மாசி மாதம் மகள் தனக்கென்று ஓர் அப்பார்ட்மென்ற் எடுத்துக்கொண்டு போனாள். சாமான்கள் எல்லாம் ஏற்றி முடிந்தபின் அவளுடைய வெறுங் குசினியில், நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். "அம்மா, எதெல்லாம் கடையில வாங்கலாம், எதெல்லாம் வீட்டில செய்யவேணும்? ஒரு லிஸ்ற் சொல்லுங்கோ. எனக்குக் கிழமையில ரெண்டு நாள்தான் சமைக்க நேரம்" என்றாள்.

சுகமான கேள்வி என்றுதான் நினைத்தேன். "இடியப்பம் வாங்கு. தேங்காய்ப்பூ வாங்கு. பாண் வாங்கு. சொதி வாங்காதை" என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு போனேன். "தூள்?" என்று கேட்டாள். "தூள் மட்டும் ஒருநாளும் வாங்காதை பிள்ளை!" என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. அவள் ஏனென்று கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நானேதான் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தேன். இடியப்பத்தை விட்டுக்கொடுக்க முடிந்த எனக்குத் தூளை ஏன் விட்டுக்கொடுக்க முடியவில்லை?

கனடாவின் ஸ்காபரோவில் எந்தப் பெரிய வீதியில் திரும்பினாலும் எங்கள் ஆட்களின் ரேக் அவுட் ஒன்று இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் றோல்ஸ், வடை, கொத்துரொட்டி. ஒரு பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இடியப்பம், எண்ணிக்கைக் கணக்கில். சனிக்கிழமை பின்னேரம் போனால் முன்னால் நிற்பவர் நூறு இடியப்பத்துக்கு ஓடர் கொடுத்துக்கொண்டிருப்பார். சொதியும் சம்பலும் சின்னப் பேணிகளில் கூடவே வரும். அந்தச் சொதி சரிவராது. சொதிக்குத் தேசிப்புளி விடுவது அடுப்பால் இறக்கியபின். புளி விட்ட பாலை மணிக்கணக்காகச் சூட்டில் வைத்திருந்தால் திரைந்துபோகும். வீட்டில் அது பத்து நிமிட வேலை. இடியப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து சொதியை நாங்கள் வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் இடியப்பம் அப்படிப் பத்து நிமிடத்தில் வருவதில்லை. அதை அறிந்தவர்கள் இப்போது குறைந்துகொண்டு வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டில் மா இடிக்கிற நாள் என்று ஒரு நாள் இருந்தது. பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, சுளகில் ஈரம் உலரப் பரப்பி, உரலில் இட்டு இடிப்பார்கள். இடித்ததை அரிதட்டில் அரிப்பார்கள். தட்டில் தங்கிய குருணி திரும்பவும் உரலுக்குப் போகும். அரித்த மாவைப் பெரிய தாச்சியில் கொட்டி, கைவிடாமல் வறுக்கவேண்டும். சிவக்க விடக்கூடாது, ஈரமும் இருக்கக்கூடாது. மா மணல்போல உதிர்ந்து வந்தால் பதம். ஈரம் போன மாதான் கிழமைக்கணக்கில் பழுதாகாமல் இருக்கும். இதெல்லாம் மாவுக்கு மட்டும். பிறகுதான் கொதிநீர். கோதுமையில் இருக்கிற பசைத்தன்மை அரிசியில் இல்லை. கொதிநீர் பட்டு அரிசி மா கொஞ்சம் வெந்தால்தான் ஒன்றோடொன்று பிடிக்கும். இல்லாவிட்டால் இடியப்ப உரலுக்குள்ளால் நூலாக வராமல் உடைந்து விழும்.

கோதுமைக்கு நேர்மாறான வைத்தியம். அமெரிக்கன் மா என்றுதான் எங்கள் ஊரில் அதற்குப் பெயர். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த மா, நிவாரண விலையில் சங்கக்கடைக்கு வந்த மா. 1980 இல் திருகோணமலையில் பிறீமா ஆலை ஓடத் தொடங்கியபின்னும் எங்கள் கிழவிகளின் வாயில் அது அமெரிக்கன் மாவாகவே இருந்தது. அதை அப்படியே தண்ணீர் விட்டுக் குழைத்தால் றப்பர்போல இழுபடும். எங்கள் பெண்கள் அதைத் துணியில் பொதிந்து நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து எடுத்தார்கள். அவித்தால் அந்த இழுவை செத்துப்போகும். பிறகு அது அரிசி மாவைப்போலப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பணியும். அன்னிய தேசத்து மாவை எங்கள் நீத்துப்பெட்டிக்குள் அடக்கிய இந்த வித்தையை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நான் விஞ்ஞானி என்றே சொல்வேன்.

மா இடிக்கிற நாளைப் பற்றிச் சொன்னேன். அந்த உலக்கை யாருடைய கையில் இருந்தது என்று இன்னும் சொல்லவில்லை. அம்மாவின் கையில் இல்லை. இடிக்கவென்று ஒருவர் வருவார். என் அம்மம்மாவின் வயது அவருக்கு. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளையான நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கென்று ஒரு தனிப் பேணி குசினித் தாழ்வாரத்தின் கிடுகுக்குள் செருகியிருக்கும். தேத்தண்ணி அதில்தான். குடித்து, கழுவி, அவரே திரும்பச் செருகிவிட்டுப் போவார். கூலியாகக் கொஞ்சம் காசும், கொஞ்சம் அரிசியும், அரித்து மிஞ்சிய குருணியும் கிடைக்கும். அந்த மாவில் பிழிந்த இடியப்பத்தை அவர் எங்கள் வீட்டுக்குள் இருந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலே செய்தோம் என்று யாராவது பெருமூச்சு விடும்போது எனக்கு அந்தப் பேணி ஞாபகம் வரும். வீட்டிலேதான் செய்தது, ஆனால் நாங்கள் செய்யவில்லை.

பிறகு மருதனார்மடம் சந்தியில் மில் வந்தது. ஊறிய அரிசியைக் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் மாவாகத் திரும்பும். அம்மம்மா அதை ஏற்கவில்லை. மில் மா சூடாகிவிடுகிறது, வாசம் செத்துப்போகிறது, மிளகாய் அரைத்த கையோடு அரிசியையும் அரைக்கிறான் என்று ஆயிரம் குற்றம் சொல்வார். அம்மா ஒன்றும் பேசாமல் அரிசியை மில்லுக்கு அனுப்பினார். இன்று நான் பக்கற் மா வாங்கும்போது எந்தப் பெருமூச்சை விடுகிறேனோ, அதையேதான் அம்மம்மா அன்று விட்டிருக்கிறார்.

பாணை யாரும் வீட்டில் சுட்டதில்லை என்பதையும் சொல்லவேண்டும். காலையில் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிக்கொண்டு பாண்காரர் வருவார். றோஸ் பாணின் கருகின மேற்பக்கத்துக்கு எங்களுக்குள் சண்டை நடக்கும். அது கடைச் சாப்பாடு என்று ஒருவரும் குறைவாக நினைக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், நாட்டில் உணவு தட்டுப்பட்ட வருடங்களில், அந்தப் பாணுக்காக விடிய எழும்பி வரிசையில் நின்றோம். அதே காலத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டதால், எங்கள் செம்மண் தோட்டக்காரர்களின் கையில் நல்ல காசு புழங்கியது. பாணுக்கு வரிசையில் நின்ற அதே ஊரில், மிளகாய் விற்ற காசில் கல்வீடுகள் எழும்பின.

1990 இல் போரோடு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னானது. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சந்தி மில் நின்றது. பின்வளவில் கவிழ்த்து வைத்திருந்த உரலை அம்மாவும் நானும் உருட்டிக்கொண்டு வந்தோம். இடிக்க வந்தவர் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். உலக்கையை நான் பிடித்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, உள்ளங்கையில் கொப்புளம். பதினைந்து நிமிடத்தில் தோள்மூட்டு விட்டுப்போகிறதுபோல இருந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அறுபது கடந்த ஒரு மனுசி எங்கள் வீட்டில் விடிய இருந்து மத்தியானம் வரை இடித்திருக்கிறார். அவருடைய உள்ளங்கையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் கனடாவுக்கு வந்த புதிதில், 1998 இல், ஒரு ரேக் அவுட்டின் பின்குசினியில் இடியப்பம் பிழிந்தேன். விடிய நாலு மணிக்குத் தொடங்கவேண்டும். கொதிநீரில் குழைத்த மாவைச் சூடு ஆறவிடாமல் உரலில் அடைத்துப் பிழியவேண்டும். ஆறினால் இறுகிவிடும், இரண்டு மடங்கு அமத்தவேண்டும். பனிக்காலம் முழுக்க மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு பிழிந்தேன். சம்பளம் பேசியதைவிடக் குறைவாகவே வந்தது. கேட்டால் அடுத்த கிழமை என்பார்கள். பிறகு இந்தத் தொழிலுக்கு மெஷின் வந்தது. மெஷின் பிழிந்த இடியப்பத்தில் கைப்பக்குவம் இல்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். பிழியாத கைகள்தான் அப்படிச் சொல்லும்.

ஆகவே இடியப்பத்தில் எனக்கு ஐயமே இல்லை. மகளுக்கும் அதைத்தான் சொன்னேன். உடம்பை முறிக்கிற வேலை, ஆனால் யார் செய்தாலும் ருசியில் பெரிய வித்தியாசம் வராத வேலை என்றால், காசு கொடுத்து வாங்கு. பேரம் பேசாதை. பின்குசினியில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வா.

தேங்காயும் அந்த வகைதான். இங்கே முடியோடு விற்கிற தேங்காயை உடைத்துப் பார்க்கும் வரை நல்லதோ அழுகலோ தெரியாது. மூன்று வாங்கினால் ஒன்று குப்பைக்கு. உறைய வைத்த தேங்காய்ப்பூ பக்கற்றை முதல்நாள் இரவே எடுத்து வெளியே வைத்தால் சம்பலுக்குக்கூடச் சரிவரும். மைக்ரோவேவில் வைத்து உருக்கினால் எண்ணெய் விட்டுச் சக்கையாகிவிடும். ரின் பால் கறிக்கு நல்லது. சொதிக்குக் கனம் கூடிப்போகும், பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்கவேண்டும். திருவலையில் ஏறியிருந்து துருவுகிற அம்மாவின் மடியில் விழுகிற முதற்பூவைக் களவாகத் தின்ற ருசி எந்தப் பக்கற்றிலும் இல்லை. அதற்காக மகள் திருவலை வாங்கவேண்டும் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் தூளில் எனக்கு இந்த விட்டுக்கொடுப்பு வருவதில்லை.

தூள் வறுப்பது ஒரு நாள் வேலை. அதில் உடம்பை முறிக்கிற பங்கு கொஞ்சம்தான். அதை மில்லுக்கு விட்டாயிற்று. மிச்சமெல்லாம் மூக்கின் வேலை. அம்மா ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வறுப்பார். மல்லி முதலில், மெல்லிய நெருப்பில். தாச்சியில் இருந்து வருகிற பச்சை மணம் மாறி, தோடம்பழத் தோலைக் கசக்கினதுபோல ஒரு வாசம் எழும். அந்தக் கணத்தில் இறக்கவேண்டும். பெருஞ்சீரகம் வெடிக்கத் தொடங்கினால் போதும். வெந்தயம் ஒரு நிறம் கூடினாலும் முழுத்தூளும் கைக்கும். மிளகு, நற்சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள். செத்தல் கடைசியாக. அப்போது வீட்டில் எல்லோருக்கும் தும்மல் வரும், தெருவில் போகிறவர்கூட "இண்டைக்குத் தூளோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டு போவார். செத்தலின் நிறம் கருஞ்சிவப்பாகத் திரும்பும் ஒரு புள்ளி இருக்கிறது. அதில் எங்கள் வீடு ஒரு படி கூடப் போகும். பக்கத்து வீட்டு மாமி ஒரு படி முன்னமே இறக்குவா. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கறியைத் தின்றாலும், இது எங்கள் வீட்டுக் கறி, இது மாமி வீட்டுக் கறி என்று எங்களால் சொல்ல முடிந்தது.

பக்கற் தூள் நான் வாங்காமல் இல்லை. வந்த புதிதில் வேறு வழியில்லாமல் வாங்கினேன். நிறம் நல்ல சிவப்பு, உறைப்பும் இருந்தது. வாசம் மட்டும் பக்கற்றைத் திறக்கிற அன்றைக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போய்விடும். காரணம் எளிது. மல்லியிலும் சீரகத்திலும் மிளகிலும் இருக்கிற வாசனை, காற்றுப் பட்டால் பறந்துபோகிற எண்ணெய். முழு விதைக்குள் இருக்கும்வரை அது பத்திரம்; அரைத்துப் பொடியாக்கினால் ஒவ்வொரு துகளின் முகத்தாலும் வெளியேறும். ஆலையில் அரைத்து, கப்பலேறி, களஞ்சியத்தில் கிடந்து, தட்டில் இருந்து என் கைக்கு வரும்போது எத்தனை மாதமோ! தூளை நாங்களே வறுப்பதில் ருசியும் கிடைக்கிறது, எங்களுடைய அந்த ஒரு படி கறுப்பும் கிடைக்கிறது. ஆலைக்காரருக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு படிதான் தெரியும். அது யாருடைய வீடும் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, எங்கள் ஊர் இருந்த வலிகாமமே எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே ஒரு பாதையில் லட்சக்கணக்கான சனம். அடிக்கு அடி நின்று நின்று நடந்தோம். அம்மா ஒரு உரப்பையில் இரண்டு சீலை, காணி உறுதி, அப்பாவின் படம், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையத் தூள் என்று கட்டிக்கொண்டு வந்தார். போத்தலைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது. "உயிர் போற நேரத்தில இதென்னண அம்மா!" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், எட்டுக் குடும்பங்களோடு கிடந்த மூன்றாம் நாள், யாரோ தந்த பருப்பைச் செங்கல் அடுப்பில் வைத்து, அந்தத் தூளில் ஒரு கரண்டி போட்டார். வாசம் எழும்பியது. கரும்பலகைக்குக் கீழே படுத்திருந்த என் சின்னத் தம்பி எழும்பி, வீட்டுக்கு வந்துவிட்டோமா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தான். அம்மா அந்தப் போத்தலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, பன்னிரண்டு நாளில் முடித்தார்.

அம்மா பிறகு எங்களோடு ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தார். இங்கே வீட்டுக்குள் செத்தல் வறுத்தால் புகை அலாரம் கத்தும். ஆடி மாதத்தில் கராஜ் கதவைத் திறந்துவிட்டு, காஸ் அடுப்பை வெளியே இழுத்து வைத்து வறுப்பார். ஒரு வருடம் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் அவருக்குச் செத்தலின் நிறம் பிடிபடவில்லை. என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். சுண்டாலும் கைப்பிடியாலும் அவர் அள்ளி வைத்ததையெல்லாம், தாச்சிக்குப் போகும் முன் நான் தராசில் வைத்து நிறுத்து எழுதினேன். "இதென்னடி பிள்ளை, நகைக்கடையே?" என்று சிரித்தார். செத்தல் 500 கிராம், மல்லி 500, மிளகு 100, பெருஞ்சீரகம் 100, நற்சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, கறிவேப்பிலை இரண்டு பிடி. அவர் 2011 தை மாதம் காலமானார். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் எங்கள் வீட்டுத் தூள் அந்த மாதத்தோடு முடிந்திருக்கும்.

வேப்பம்பூ வடகம் அப்படித்தான் முடிந்தது. சித்திரை மாதம் விடிய எழும்பி, வேம்பின் கீழ் பாய் விரித்துப் பொறுக்கிய பூ. ஊறவைத்து அரைத்த உழுந்து, வெங்காயம், செத்தல், பெருஞ்சீரகம் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி, ஓலைப்பாயில் காயவிடுவார். காகம் கலைக்கிற வேலை எனக்கு. நாலு நாள் வெயில். பொரித்தால் முதலில் மொறுமொறுப்பு, பிறகு உழுந்தின் இனிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு சின்னக் கைப்பு. அம்மாவின் வடகத்தில் கைப்பு எப்போதும் கடைசியில்தான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து பக்கற்றில் வருகிற வடகத்தைத் தேடித்தேடி வாங்குகிறேன். நல்ல வடகம்தான். ஆனால் அதில் கைப்பு முதல் கடியிலேயே வந்துவிடுகிறது. அம்மா பூவுக்குக் கொதிநீர் காட்டினாரா, வெயிலில் வாட்டினாரா, மோரில் ஊறவிட்டாரா? எனக்குத் தெரியாது. காகம் கலைத்த எனக்கு அடுப்படியில் நடந்தது தெரியாது. ஸ்காபரோவில் வேம்பு இல்லை என்று நானும் கேட்காமல் இருந்துவிட்டேன். கேட்க அவர் பல வருடம் என் வீட்டிலேயே இருந்தார்.

மகளுக்குப் போன கிழமை லிஸ்றை அனுப்பினேன். இடியப்பம், தேங்காய்ப்பூ, பாண், அரிசி மா, ரின் பால் எல்லாம் கடையில். சொதி, சம்பல் வீட்டில். கீழே தூளின் நிறை. வருகிற ஆடியில் கராஜுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். செத்தல் எங்கே நிற்கவேண்டும் என்று தராசு சொல்லாது, பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். வடகத்துக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது அம்மா இன்னும் அடுப்படியில் நிற்கிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தராசும் கடதாசியுமாகப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். இணுவில் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது வேப்பம்பூவை வடகத்துக்கு முன் என்ன செய்வார்கள் என்று அறிந்திருந்தால், எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.